ஆறு பிளேடும் உன் கையால்தானா, மச்சான்?

அன்பு மச்சான் கன்னியப்பனுக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுக் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. மேனாம்பேட்டில் எல்லாரும் சௌக்கியம். உன் தங்கை கற்பகம் மீன் குழம்பு வைக்கிற அன்றைக்கெல்லாம் இன்னும் உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறாள். அப்புறம் ஞாபகம் வந்து, அதை என் தட்டில் கொட்டிவிடுகிறாள். நானும் சாப்பிட்டுவிடுகிறேன். எனக்கு எடை மூன்று கிலோ ஏறியதற்கு நீதான் பொறுப்பு.

உன் பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் கேட்டை அளந்தாராம். இப்போது கேட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்.

ஊர்க்கதை சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்மேல் ஒரு பிராது இருக்கிறது. நன்றியும் இருக்கிறது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களும் படிக்கப்போகிற கடிதம் இது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

திருமழிசையில் பாக்கெட் அச்சடிக்கிற நம் மெஷினுக்கு ஆறு நிறம், ஆறு உருளை. ஒவ்வொன்றும் மைத்தொட்டியில் முங்கி முங்கிச் சுற்றும். அதன்மேல் சாய்ந்து நிற்கிற மெல்லிய எஃகுப் பட்டைதான் பிளேடு. உருளையில் செதுக்கிய பொடிக் குழிகளில் மட்டும் மை தங்க வேண்டும். மிச்சத்தை பிளேடு வழித்துவிட வேண்டும். அது ஒரு முடி அளவு நெளிந்தாலும் போதும், பாக்கெட்டில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மை அப்பிக்கொள்ளும்.

ஆறில் மூன்று உனக்கு, மூன்று எனக்கு என்பது நம் ஏற்பாடு. என் மூன்றையும் பதினைந்து நிமிடத்தில் மாட்டிவிட்டு நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போதும் நீ உன் மூன்றாவதைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருப்பாய். "இன்னா மச்சான், ஆமைக்குப் பொறந்தியா?" என்று கேட்பேன். "உன் வேகம் எனக்கு வருமா மாப்ளே?" என்பாய். இருபத்திரண்டு வருஷம், அந்தப் பதிலை நான் பாராட்டு என்று நம்பினேன்.

நீ போன பிறகு ஆறையும் நானே மாட்டினேன். முறுக்குக் கம்பெனி ஒன்றின் பாக்கெட். வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து. வெள்ளை முழுக்க நீலம் பட்டை பட்டையாகப் படிந்தது. சூப்பர்வைசர் பாஸ்கர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாபா மோகன், மழ பெஞ்ச செவுரு மாதிரி கீது?"

"சிலிண்டர் சரியில்ல சார்."

மறுநாளும் அதே கோலம். "மை தண்ணியா கீது சார்" என்றேன். மை கலக்குகிற செல்வி என்னைப் பார்த்த பார்வையில் மை கெட்டியாகவே ஆகியிருக்கும். மூன்றாம் நாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து மெஷினில் கட்டினேன்.

"திருஷ்டி மெஷினுக்கு இல்லபா, உன் கைக்குதான்" என்றார் பாஸ்கர். "நாளைக்கு முறுக்குக் கம்பெனி பார்ட்டி நேர்ல வர்றாரு. அதுக்குள்ள சுத்தமா ஓடலேன்னா நீ பேக்கிங்குக்குப் போயிடு. நான் வேற ஆளப் போட்டுக்கிறேன்."

பேக்கிங் கேவலமான வேலை என்று சொல்லவில்லை, மச்சான். ஆனால் என் புருஷன் பெரிய ஆபரேட்டர் என்று கற்பகம் சொல்லாத வீடு நம் தெருவில் உண்டா? அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? மெஷின் படியில் உட்கார்ந்திருந்தேன். செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுக்கிற நெலமையிலயா கீறேன்? சொல்லும்மா."

"நீ மாட்டுன பிளேடு இந்த மெஷின்ல ஒரு நாளும் ஓடுனதே இல்லண்ணே."

"இன்னா சொல்ற?"

"நீ டீ குடிக்கப் போனதும் கன்னியப்பண்ணன் உன்னோட மூணையும் கயட்டிடுவாரு. தொடச்சி, மறுபடி மாட்டிட்டு, அப்புறந்தான் தன்னோடத தொடுவாரு. நீ லேட்டா வரணும்னு டீக்கடக்காரர உங்கிட்ட பேச்சு குடுக்கச் சொல்லி வெச்சிருந்தாரு."

மச்சான்! அந்த டீக்கடைக்காரர் என் ஜோக்குக்கு ரசிகர் என்றல்லவா நினைத்தேன்? "அப்புறம் இன்னாச்சுண்ணாத்தே?" என்று அவர் கேட்கக் கேட்க, சொன்ன கதையையே நாலு தரம் சொல்லியிருக்கிறேனே!

"சொல்லிடலாமேண்ணேன்னு நான் கேட்டேன்" என்றாள் செல்வி. "'சொன்னா அவன் மூஞ்சி தொங்கிடும் செல்வி. அவன் சிரிச்சிகினு ஊட்டுக்குப் போனாதான் என் தங்கச்சிக்கு நிம்மதி'ன்னாரு."

நான் அழுதேனா என்று கேட்காதே. மை வாடை என் கண்ணுக்கு ஆகாது.

நேராக பாஸ்கரிடம் போனேன். "எனக்கு பிளேடு மாட்டத் தெரியாது சார். இத்தினி வருசமா மச்சான்தான் மாட்டிகினு இருந்தான்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வாழ்நாள் முழுக்க ஜோக்கடித்தவனுக்குக் கிடைக்கிற தண்டனை அதுதான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "எவ்ளோ நேரம் வேணும்?" என்றார்.

செல்வி தான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, நான் கழற்றினேன். பிளேடு உட்காருகிற பள்ளத்தில் காய்ந்த மை பருப்புத்தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அது நான் ஒரு நாளும் துடைக்காத இடம். அதன்மேல் வைத்து இறுக்கினால் பிளேடு நெளியாமல் என்ன செய்யும்? அதோடு நான் சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போகிறவன். நீயோ நடு ஸ்க்ரூவில் ஆரம்பித்து, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று முனைவரை போவாயாம். முதல் சுற்றில் அரைகுறையாகத்தான் இறுக்குவாயாம். பிறகு மறுபடி நடுவிலிருந்து. பட்டை தானாக இரண்டு பக்கமும் நீவிக்கொண்டு போகும் என்பது என் கைக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. ஆறுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. நீ எப்படித்தான் முக்கால் மணியில் முடித்தாய்?

மறுநாள் பார்ட்டி வந்தார். ஓடுகிற மெஷினிலிருந்து வெட்டி எடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். "ம்" என்றார், அவ்வளவுதான். வெள்ளை வெள்ளையாக இருந்தது. பேக்கிங் பேச்சை பாஸ்கர் அப்புறம் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கற்பகத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும். கல்யாணமான மறு வருசமே அண்ணன் சொல்லிடுச்சு."

"அப்புறம் ஏண்டி தெருவெல்லாம் பெருமையடிச்ச?"

"எங்கண்ணன் வேலய பத்தி நான் பெரும பேசக் கூடாதா?"

ஆக, ஏமாந்தது நானும் பாஸ்கரும் மட்டும்தான். என் பிராது அதுதான், மச்சான். ஒரு தரம் திட்டியிருந்தால் அன்றைக்கே கற்றுக்கொண்டிருப்பேனே! அல்லது திட்டினால் கோபித்துக்கொண்டு வேலையை விட்டே போயிருப்பேனா? அதையும் யோசித்துத்தான் நீ வாயை மூடிக்கொண்டாயா? நான் சிரித்த முகத்தோடு வீடு திரும்பிய இத்தனை வருஷத்து நாட்களும் நீ கழற்றி மாட்டிக் கொடுத்தவை. நன்றி என்ற சொல் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள்.

உன் இடத்துக்கு அடுத்த வாரம் வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் வருகிறார். என் வயதுதான், வாயும் என்னைப்போலவே என்று கேள்வி. அவர் மாட்டியது நெளிந்தால் உன்னைப்போல் ரகசியமாகக் கழற்ற எனக்குத் தெரியாது. என் வாய் அரை நாள்கூடத் தாங்காது. அவர் எதிரிலேயே கழற்றுவேன். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன்னால், என் மானத்தை நானே வாங்கிக்கொண்டு, இந்தக் கதையை ஒன்று விடாமல் சொல்வேன். அவர் சிரித்து முடித்த பிறகுதான் முதல் ஸ்க்ரூவில் கை வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் கைவேலையில் பேர் வாங்கிய மாப்பிள்ளை,
மோகன்