வதனி விட்ட ஓட்டைகள்

நவம்பர் 2, ஞாயிறு
5 பாகை. விடாத காற்று. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள். ஐஸ் வைத்தேன், இரண்டு தடவை.

என் மனைவி வதனி பின்வளவில் பத்துக் கம்பு நட்டிருக்கிறாள். ஒவ்வொன்றின் தலையிலும் மரக்கறிக்கடைப் பையைக் கிழித்துக் கட்டிய நாடா. கோழிக்கூடு கட்ட முதல், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதென்று பார்க்க வேண்டுமாம். யன்னலடியில் இருந்து மணிக்கொரு தடவை நாடா பறக்கும் பக்கத்தைக் குறிப்பது என் வேலை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு இப்படியொரு உத்தியோகம்.

முடிவு: காற்று பக்கத்து வீட்டுக் கராஜில் மோதிச் சுழன்று, கூடு வைக்கச் சொல்லி நான் காட்டிய மூலைக்குள்தான் போய் விழுகிறது. அங்கே வைத்திருந்தால் ஸ்னோ முழுக்க வாசலில் குவிந்திருக்கும். சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை அவள்.

நவம்பர் 9, ஞாயிறு
மப்பு வானம். மருந்து எடுக்க மறந்துவிட்டேன்.

மரம் வந்தது. வதனி பதினாறு வருடமாகச் சமையலறை அலுமாரி செய்யும் பட்டறையில் பலகை வெட்டுகிறாள். அவள் வேலை செய்வதை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு சட்டத்தையும் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வளைந்ததை ஒதுக்கினாள். காதில் பென்சில். கோடு போட்டால் போட்டதுதான். பட்டறையில் அவள் அளந்ததை யாரும் திருப்பி அளப்பதில்லையாம்.

கேட்டு எழுதிக்கொண்டவை:
- நிலத்திலிருந்து இரண்டடி உயரம்.
- கூரை ஒரே பக்கச் சரிவு. ஸ்னோ தானே வழுக்கி விழும்.
- கோழி குந்தும் சட்டம் உருண்டையாகக் கூடாது, தட்டைப் பக்கம் மேலே. அப்போதுதான் வயிற்றால் கால்விரலை மூடிக்கொண்டு இருக்குமாம். (இதை யார் யோசிப்பார்?)
- கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் நீள ஓட்டை. கம்பி வலை அடித்து, குளிர்காலம் முழுக்கத் திறந்தபடி.

கடைசியைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. உதுகள் விறைச்சுச் செத்துப்போகும் என்றேன்.

“குளிர் கொல்லாது. ஈரந்தான் கொல்லும்,” என்றாள். “அதுகள் விடுற மூச்சு வெளியால போகோணும்.”

ஓம் என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 22, சனி
முதல் ஸ்னோ, ஒட்டவில்லை. பட்டறைச் சிநேகிதி சாந்தி, விட்பி ஊருக்கு அப்பால் பண்ணை வைத்திருப்பவள், இன்னும் முட்டையிடத் தொடங்காத நாலு பேட்டுக் கோழிகளைப் பெட்டியில் கொண்டுவந்தாள். மூன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்பிதான் முதலில் ஏணிப்படியில் ஏறினாள். மற்றதுகள் யோசித்து யோசித்துப் பின்னால்.

கூட்டுக் கதவு நல்ல கார்க் கதவு மாதிரி மூடுகிறது. நான் சும்மா ஆறேழு தடவை திறந்து மூடினேன். சாந்தி சுற்றிவந்து பார்த்துவிட்டு, என்னுடைய கோழிகளுக்கே இப்படி வீடில்லை அண்ணை என்றாள். வதனி தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள். புகழ்ந்தால் அவளுக்கு உடனே சமையலறையில் வேலை வந்துவிடும்.

ஜனவரி 19, திங்கள்
நாளை மைனஸ் 22. காற்றோடு சேர்த்தால் மைனஸ் 34 போலவாம். இந்தக் கிழமை வதனிக்கு மேலதிக வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருகிறாள். கோழிகள் என் பொறுப்பு.

பொல்லை ஊன்றிக்கொண்டு போய் இரண்டு ஓட்டையையும் பிளாஸ்ரிக் வைத்து, ஒட்டு டேப்பால் அடைத்துவிட்டேன்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில். பதினேழாம் மாடி, ஒரு அறைக்குள் ஆறு பேர். யன்னல், கதவிடுக்கு ஒன்று விடாமல் பிளாஸ்ரிக் ஒட்டினோம். மாசி மாதம் வரை கருவாட்டு மணம் போகவில்லை, ஆனால் ஒருவரும் விறைக்கவில்லை. குளிர் என்றால் ஓட்டையைத் தேடி அடை. எங்களுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான்.

வதனியிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம்.

ஜனவரி 21, புதன்
கூட்டைத் திறந்தால் மூக்கில் அடிக்கிறது. கூரையின் உட்பக்கம் துருவிய தேங்காய் போல வெள்ளையாகப் பூத்து, சொட்டுச் சொட்டாக விழுகிறது. மரச்சீவல் நனைந்துபோய்க் கிடக்கிறது. கறுப்பியின் கொண்டை நுனி இரண்டு விறைத்துக் கரிந்த நிறம்.

அவள் சொன்னதுதான். அச்சொட்டாக அவள் சொன்னதுதான்.

பிளாஸ்ரிக்கைப் பிய்த்துக் குப்பைக்குள் அடியில் தள்ளினேன். சீவல் மாற்றினேன். இரவு சொல்வோம் என்று இருந்தேன். களைத்து வந்தாள். சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி
மைனஸ் 15. வதனி வெளிச்சத்தோடு வந்தாள். நேரே கூட்டுக்கு.

கறுப்பியின் கொண்டையைப் பார்த்தாள், கூரையின் உட்பக்க ஈரக்கறையைத் தடவினாள். உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். “என்ட கணக்குப் பிழைச்சிட்டு. ஓட்டை இந்தளவு காணாது,” என்றாள். கூட்டுக்குக் கணக்குப் போட்ட பழைய தாளை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு அளவுநாடாவோடு திரும்பவும் வெளியே போனாள். அளந்ததையே அளந்தாள்.

வந்து சாந்திக்கு அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து நாலையும் கொண்டுபோகச் சொன்னாள். தெரியாத வேலையை உயிர்களில் பழகக்கூடாதாம்.

நான் சோறு போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பயந்தாங்கொள்ளி.

ஜனவரி 24, சனி
வெயில், மைனஸ் 19. நித்திரை இல்லை.

காலை கோப்பி ஆற முதல் சொல்லிவிட்டேன். பிளாஸ்ரிக், டேப், குப்பை, எல்லாம். கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். “எத்தினை நாள் மூடிக் கிடந்த?” என்று மட்டும் கேட்டாள்.

“ரெண்டு.”

தாளை இழுத்து எதையோ கூட்டினாள், கழித்தாள். “அப்ப கணக்குச் சரி,” என்றாள். இரண்டு நாளாக இல்லாத முகம் திரும்பி வந்தது. எனக்காக இல்லை, அந்தத் தாளுக்காக. இப்படி ஒரு மனுஷியை அவளுடைய கையையே சந்தேகிக்க வைத்திருக்கிறேன்.

சாந்திக்கு அழைத்து வரவேண்டாம் என்றாள். கறுப்பி தப்பிவிடுவாள், கொண்டை நுனி மட்டும் போகும் என்று சாந்தி சொன்னாளாம்.

பிறகு கோட்டைப் போட்டு, டிரில்லை எடுத்தாள். கணக்குத்தான் சரியே, இனி என்ன என்று கேட்டேன்.

“மறுகா இன்னும் ரெண்டு ஓட்டை போடப்போறன். உங்கட கை எட்டாத உயரத்தில.”

ஏணி பிடிக்க ஆள் வேண்டுமாம், என்னைக் கூப்பிடுகிறாள். என் சப்பாத்து எங்கே?