பதினேழாம் எண்

அக்கா,

நீ தூங்கிவிட்டாய். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

"பேரே வராதுடி, வெறும் நம்பர்தான்" என்று சொல்லித்தானே உன் ஆராய்ச்சிக்காக, நாம் குடிவந்த இந்த ஊர் மொழியில் என்னை வாசிக்கவைத்துப் பதிவு செய்தாய்? நீயே இட்டுக்கட்டிய சொற்களைக் கொடுத்தாய். நான் திணறினேன். பாடங்களை இத்தனை நாள் மனப்பாடமாகத்தான் ஒப்பித்தேன் என்று தெரிந்ததும் கைதட்டினாய்.

நீ போட்ட நம்பர் என் வருகைப் பதிவேட்டு எண். நீ பள்ளியில் கொடுத்த முடிவுத் தாளைப் பார்த்ததுமே டீச்சர், "பதினேழு, எங்க காதுலயே பூ சுத்துனியா?" என்றார். வகுப்பே சிரித்தது. நாளையிலிருந்து மூன்றாம் வகுப்பில் உட்கார வேண்டுமாம். நான் ஏழாவது, அக்கா.

உன்னிடம் சொன்னபோது, "அச்சச்சோ, கவனிக்கலடி" என்றாய். பிறகு சாப்பிடப் போய்விட்டாய்.

என்னை அளந்தாயே தவிர, ஓர் எழுத்தும் சொல்லித்தரவில்லை.

அப்பா கையெழுத்திட்ட சம்மதத் தாள் இப்போது உன் பையில் இல்லை. அது இல்லாமல் என் குரல் உனக்கு உதவாது. காலையில் பள்ளிக்கு வா. நீயே எனக்கு வாசிக்கச் சொல்லித்தருவதாக டீச்சரிடம் சொல்லி, என்னை என் வகுப்பிலேயே உட்காரவை. அதுவரை தாள் கிடைக்காது.

தமிழில் நான் பிழையில்லாமல் எழுதுவேன். அதையும் குறித்துக்கொள்.

இப்படிக்கு,
பதினேழு