உன் கோடுகளுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

அன்பு மச்சான் செல்வம்,

உன் லேப்டாப் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங்கில் உன் வீட்டுக்குக் காரோட்டி வருகிறேன். கமலா தேநீர் போடுகிறாள். குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். தங்கையைப் பார்த்துவிட்டு வருவதே இந்த வயதில் அசதியாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் தொழிற்சாலைச் சேதியும் உண்டு. பாட்டில் மூடிகளின் எடையை இப்போது மெஷினே பதிந்து, வரைபடமும் போட்டுவிடுகிறதாம். ஷிப்டு முடிவில் நீ எக்செல்லில் ஒவ்வொன்றாகத் தட்டிய வேலை இனி யாருக்கும் இல்லை.

ஒருமுறை நான் எழுதிய பத்திரிகைக் கட்டுரைக்காக அதைப் பற்றி உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? சராசரிக்கு ஒரு கோடு. வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு மேலே ஒன்று, கீழே ஒன்று. "புள்ளி இதுக்குள்ள இருந்தா மெஷினத் தொடாத மச்சான். சும்மா திருகித் திருகியே இவனுங்க கெடுக்கறானுங்க," என்றாய். நான் பேனாவை மூடியபோது இன்னொன்றும் சொன்னாய்: "இது மெஷினோட கோடு. வாங்கறவன் கேக்கற அளவு வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எழுதிடாத லா, என் மானம் போயிடும்."

நான் சரியாகத்தான் எழுதினேன். வீட்டில் நீ என்ன செய்தாய்?

ரத்த அழுத்தம் அதிகம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கருவி வாங்கினாய். காலையில் அளந்து, அதே மாதிரி எக்செல் தாளில் போட்டாய். உன் எண்களிலிருந்தே சராசரி, உன் எண்களிலிருந்தே மேல்கோடும் கீழ்க்கோடும். எல்லாப் புள்ளியும் உள்ளே. "எவ்வளவு சீரா ஓடுது பாரு. ஓடற மெஷினத் தொடக்கூடாது," என்று சிரித்தாய். சீராகத்தான் ஓடியது. சீராக, அதிகமாக. மூடிக்கு அளவு சொல்ல வாங்குகிறவன் இருந்தான். உன் உடம்புக்கு டாக்டர் சொன்ன அளவு மட்டும் ஏன் உன் தாளில் இல்லாமல் போயிற்று?

பிறகு பக்கவாதம், அதோடு நீ போய்விட்டாய். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று கமலா உன் லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்து காட்டினாள். உன் தாளுக்கு அடுத்த தாளில் அவளுடைய எண்கள். அவளுக்கும் அழுத்தம் வந்திருக்கிறது, மச்சான். டாக்டர் கொடுத்த மாத்திரை பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

"கோட்டுக்குள்ளதான் இருக்கு அண்ணே. அவரு போட்ட ஃபார்முலா, தப்பா இருக்குமா?"

"ஃபார்முலா தப்பில்ல."

"அப்புறம் என்ன? திரும்பக் கிளினிக் போனா காலையிலேருந்து உக்காரணும். நீங்க வந்து உக்காருவீங்களா?"

"டாக்டர் எவ்வளவுக்குக் கீழ இருக்கணும்னு சொன்னாரு?"

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாள். அந்த எண்ணை ஒரு புது நெடுவரிசையில் தட்டி, கடைசி வரை இழுத்தேன். வரைபடத்தில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. அவள் புள்ளிகள் எல்லாம் அதற்கு மேலே. கீழ்க்கோடுகூட அதற்கு மேலேதான் நின்றது.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவரோடதுலயும் போடுங்க."

"வேணாம் கமலா."

"போடுங்கண்ணே."

போட்டேன். அங்கேயும் அப்படியேதான்.

"அலமாக், ஐயோ, ஃபேக்டரிக்கே கோடு போட்டுக் கொடுத்த மனுஷன்..." என்றவள் எழுந்துபோய்க் கோப்பைகளைக் கழுவினாள். குழாய் நின்ற பிறகு அங்கிருந்தே குரல் வந்தது. "நாளைக்குப் போலாம். சொன்னேன்ல, நீங்களும் வந்து உக்காரணும்."

உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவது அந்தக் கிளினிக் நாற்காலியிலிருந்துதான். எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட இன்னும் நேரமாகும். பக்கத்தில் அவள், கைப்பையை அணைத்தபடி தூங்கிவிட்டாள். முதல் மாத்திரையைக் காலையில் என் முன்னால்தான் விழுங்கினாள். மெஷினைத் தொட்டுவிட்டோம், மச்சான்.

மருந்து வேலை செய்தால் புள்ளிகள் இறங்கும். அப்போது உன் கோடுகளைப் புதிதாகக் கணக்கிட வேண்டும் அல்லவா? எந்த நாளிலிருந்து தொடங்குவது? அதை இனி யாரிடம் கேட்பேன்?

உன் தாளை அழிக்க மாட்டேன். சிவப்புக் கோட்டையும் யாரையும் அழிக்க விடமாட்டேன். அவள் புள்ளிகள் அதற்குக் கீழே போகும்வரை, எவ்வளவு அசதியானாலும், இந்த நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்காருவேன்.

கமலாவின் அண்ணன்,
உன் மச்சான்
இராகவன்