இரண்டு போகம் என்று நான் எழுதிய மனு

வியாழன், ராத்திரி மணி பதினொன்று தாண்டிவிட்டது.

மத்தியானம் முனியம்மா என்று ஒருத்தி ஜோகுபாளையத்தில் என் வீடு வரை பஸ் மாறி வந்தாள். கோலார் பக்கம் அவளுக்கு எட்டு ஏக்கர் இருக்கிறதாம். அதை ஒரு சோலார் கம்பெனிக்குக் குத்தகை விடப் பார்த்தாள். ஊரில் யாரோ ஆட்சேப மனு கொடுக்க, பஞ்சாயத்து அனுமதி மறுத்துவிட்டது. நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள், கன்னடத்தில் மனு நன்றாக எழுதுவேன் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்திருக்கிறாள்.

ஆட்சேப மனுவின் நகலை நீட்டினாள். அது நான் எழுதியது. போன மாதம் அதே ஊரில் இருக்கும் என் சித்தி மகன் கேட்டதற்காக இதே மேஜையில் எழுதினேன். கம்பெனிக்காரர்கள் வேலி போட்டால் அவன் மாடுகள் ஏரிக்குப் போகும் வழி அடைபடும். அது நிஜம். அது போதாதென்று, "இரண்டு போகம் விளையும் நிலம்" என்று நானாகத்தான் சேர்த்தேன்; நல்ல விளைநிலம் என்றால் அனுமதி தரத் தயங்குவார்கள்.

"ரெண்டு போகமாம்கா!" என்று சிரித்தாள். "நாலு போர் போட்டேன், நாலுலயும் புழுதிதான். என் நிலத்த என்ன செய்யணும்னு ஊரே எனக்குச் சொல்லுது. எவனோ நல்லாத்தான் எழுதியிருக்கான். நீங்க இதவிட நல்லா எழுதணும்."

எவனோவாம்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதை எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாயிற்று. என் மனுவை எங்கே தட்டினால் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த நிலத்தைத்தான் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.