காற்றுப் பட்டால் ஆறிவிடும் என்றாயே அண்ணே

என் பாசக்காரப் பாவி அண்ணனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நீ பொய்தான் சொல்வாய். உயிரோடு இருந்தபோதே "ஒன்னும் இல்லடி, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தவன் நீ.

வருகிற மாதம் உனக்கு ஒரு வருசம். நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று சித்தப்பா வந்தார். நான் வேலை செய்கிற போட்டோகொப்பிக் கடையிலேயே அடித்துவிடலாம் என்றேன். உன் படத்துக்குக் கீழே போடுவதற்கு ஒரு வரியும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: 'யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர்.' வாசித்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்த வரியை எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தைப் போடப் போகிறேன். மலரைக் கையில் வாங்குகிறவர்கள் வாசிக்கட்டும். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் டிக்கட்டின் கதையைக் கேள். அம்பிட்டிய பஸ்ஸில் நீ கொண்டக்டராக இருந்தபோது, பின் சீட்டுக்குக் கீழே யாரோ பெட்டியோடு விட்டுவிட்டுப் போன முயல்குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தாய். "டிக்கட் எடுக்காம போகப் பாத்தான், புடிச்சிட்டேன்" என்று அதற்கு அந்தப் பெயரையே வைத்தாய். அம்மா, அப்பா போன பிறகு நாம் இரண்டு பேர். டிக்கட்டோடு மூன்று. இப்போது நானும் அதுவும்தான்.

அதற்குக் கூடு கட்டியதும் நீதான். கதவோரத்தில் ஒரு கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, மடக்கிவிடு என்று எத்தனை தடவை கத்தினேன்? "ஞாயித்துக்கெழம பாப்பம்டி" என்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. நீ போன பிறகு நானாவது மடக்கியிருக்கலாம். உன் கைபட்ட கம்பி என்று அப்படியே விட்டுவைத்தேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். போன மாதம் அந்தக் கம்பிதான் டிக்கட்டின் பின்தொடையைக் கிழித்தது.

கண்டியில் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏழு தையல் போட்டார் அந்த அம்மா. பத்து நாளைக்குக் காயத்தில் வாய் வைக்கவிடக் கூடாது என்று கழுத்தில் பிளாஸ்டிக் புனல் ஒன்றையும் மாட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்தால், டிக்கட் அந்தப் புனலோடு மூலையில் போய்க் குந்தியதுதான், ஒரு கீரைத் தண்டைக்கூடத் தொடவில்லை. போன் எடுத்தேன். "சாப்பிடாட்டி மொயல் தாங்காது மிஸ். மெத்துமெத்துனு ஒரு புழுக்க போடும், அத அதுவே சாப்பிடணும். புனல் இருந்தா வாய் எட்டாது. கழட்டுங்க, ஆனா பாத்துக்கிட்டே இருங்க" என்றார். கழற்றினேன். கழற்றிய கையோடு தலையைத் திருப்பித் தையலில் வாய் வைத்துவிட்டது.

அப்போது சித்தப்பா இருந்தார். "கைப்புள்ள வெரல் சூப்புனா வேப்பெண்ணெய் தடவுவோம்ல, அந்த மாதிரி தடவிவிடு. கசந்தா வாய் வைக்காது" என்றார். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு தடவினேன். ஐயோ அண்ணே! கசப்புக்குப் பயந்து விடுகிற ஜாதியா அது? உடம்பில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் போனது. அதோடு இரண்டு தையலும் போனது. என் பாவாடையெல்லாம் ரத்தம்.

திரும்பவும் வைத்தியரிடம் போனேன். அறுந்த இரண்டு தையலையும் மறுபடி போட்டார். நல்ல ஏச்சு வாங்கினேன். "காயத்துல எண்ணெய் பூசச் சொல்லி யார் சொன்னது? பக்கத்துல ஒக்காந்து பாருங்க. அதுக்கு வேற மருந்து இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த வார்த்தை என்னைக் கொன்றுபோட்டது அண்ணே. வைத்தியர் வாசலில் நின்று அழுதேன். முயலுக்காக அழுகிறேன் என்று அங்கே இருந்தவர்கள் நினைத்தார்கள்.

உனக்கு இருந்ததும் காயம்தானே? புதுச் சப்பாத்து கடித்த சின்னக் கொப்புளம். சீனி வருத்தக்காரனுக்கு, இரத்தத்தில் சர்க்கரை ஏறியவனுக்கு, அது சின்னது இல்லை என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அந்த நேர்ஸ் பிள்ளை ஒவ்வொரு தடவையும் மருந்து வைத்து எவ்வளவு அழகாகக் கட்டி அனுப்பியது! நீ பஸ் நிலையம் வருவதற்குள் அதை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வாய். "காத்து படணும்டி. மூடி வச்சா உள்ள வெந்துபோகும். காத்துப் பட்டா தானா ஆறிரும்." எந்த மடையன் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தான்? டிக்கட்டுக்கு அறிவில்லை, அது முயல். உனக்கு என்ன வந்தது?

அதோடு ஒளித்தும் வைத்தாய். அந்தக் கபில நிறச் சொக்ஸை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிந்தாய். "குளிருது" என்றாய். உன் காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பையிலிருந்து நாலு கட்டுத்துணி விழுந்தது. அதைத் தூக்கி உன் முகத்தில் எறிந்தேன். "ஒன் காலு, ஒன் இஷ்டம்! எக்கேடோ கெட்டுப் போ" என்றேன். நீ தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனாய்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள், நான் உன் காலைப் பார்க்கவே இல்லை. கோபமாம் எனக்கு. சமைத்து வைத்தேன், துணி தோய்த்தேன், காலை மட்டும் பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் சொக்ஸை இழுத்துக் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். "ரெண்டு நாள் யோசிச்சு சொல்றேன்" என்றாய். உனக்கு ஏது அண்ணே ரெண்டு நாள்?

சரி, டிக்கட்டுக்கு வருகிறேன். உன் அலுமாரியைத் திறந்து அதே கபிலச் சொக்ஸை எடுத்தேன். உன் புண்ணை மறைத்த அந்தச் சனியனை ஏன் இன்னும் எரிக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் பஞ்சை அடைத்து, வளையமாகத் தைத்து, டிக்கட்டின் கழுத்தில் மாட்டினேன். தலையைப் பின்னால் திருப்ப முடியாது, ஆனால் புனல் மாதிரிப் பாரமும் இல்லை. சாப்பாட்டுக்கும் புழுக்கைக்கும் கழற்றிவிட்டு, கண்ணை எடுக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேலைக்குப் போக வேண்டுமே? கூடையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோனேன். கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில், மேசைக்குக் கீழே. என்னோடு வேலை செய்யும் பஸீனா அலவத்துகொடவிலிருந்து வருகிறவள், உனக்குத் தெரியும், உன் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். "நீங்க கொப்பி எடுங்க சாந்தி, நான் பாத்துக்கொள்றேன். மௌத்தானவங்கட மொயல், நமக்கு அமானிதம்" என்றாள். மௌத்து என்றால் சாவு, அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருளாம். நீ எங்கே ஒப்படைத்தாய்? விட்டுவிட்டுப் போனாய்.

அது தலையைத் திருப்பும்போதெல்லாம் "டேய்!" என்று கையை நீட்டுவோம். மூக்கைத் தடவி இந்தப் பக்கம் திருப்புவோம். மறுபடி திருப்பும். மறுபடி "டேய்!" அடையாள அட்டைக் கொப்பிக்கு வந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அலுக்கவில்லை அண்ணே. ஒரு தடவைகூட 'உன் கால், உன் இஷ்டம்' என்று அதனிடம் சொல்லவில்லை.

பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். சுத்தமாக ஆறியிருந்தது. எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். எனக்கு வந்ததோ ஆத்திரம். பத்தே பத்து நாள்! ஒரு முயலுக்குப் பத்து நாள் உட்கார முடிந்த எனக்கு, உன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரத் தெரியாமல் போனதே. உன் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதைவிட என் மேல். நீயாவது ஒரு வார்த்தை, "வலிக்குதுடி, பக்கத்துல இரு" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

கூட்டுக் கம்பியை மடக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை.

நேற்று மலர் என்ன ஆயிற்று என்று பார்க்கச் சித்தப்பா கடைக்கு வந்தார். வலது காலை லேசாக இழுத்து நடந்தார். அவருக்கும் சீனி இருப்பது உனக்குத் தெரியும்தானே. என்ன என்று கேட்டேன். "ஒன்னும் இல்லம்மா, செருப்பு கடிச்சிருச்சு. காத்துப் பட்டா ஆறிரும்" என்றார்.

கதிரையில் உட்கார வைத்தேன். ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே தரையில் குந்தி அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். "விடும்மா, ஆளுங்க பாக்குறாங்க, ஒனக்கு எதுக்குத் தொந்தரவு" என்று நெளிந்தார். தொந்தரவு கொடுங்கள் சித்தப்பா, செத்துத் தொலையாமல் தொந்தரவு கொடுங்கள் என்று கடை அதிரக் கத்தினேன்.

நாளைக் காலை அவரைக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். கட்டோடு வீட்டுக்கு வந்ததும், ஆறும் வரைக்கும் அவர் பக்கத்தில்தான் இருப்பேன். கை கட்டுப் பக்கம் போனால் "டேய்!" என்றே கத்துவேன், சித்தப்பா என்றும் பார்க்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உனக்குச் செய்யாததை இனி ஒருவருக்கும் செய்யாமல் விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் காலைப் பார்க்காத தங்கச்சி,
சாந்தி