ஆடிக்கு முன்னால வெட்டின முருங்கை

தை மாசம், ஞாயித்துக்கிழமை.

ஆனியில புழக்கடை முருங்கையை நான் மொட்டையா வெட்டினப்ப, "காய்க்கிற மரத்தைக் கொன்னுட்டியே"ன்னு எங்க ஊட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு, அப்புறம் மொகங்குடுத்தே பேசல. ஆடிக் காத்துல, வெட்டாம உட்ட பக்கத்து ஊட்டு முருங்கைதான் முறிஞ்சு உழுந்துச்சு. எங்களது துளிர்த்து, இப்பக் கைக்கெட்டுற உயரத்துல கொத்துக் கொத்தாக் காய்.

இன்னைக்குப் பக்கத்து ஊட்டு அக்கா நடறதுக்கு ஒரு கொம்பு கேட்டு வந்தாங்க. "ஆடிக்கு முன்னால கிளையைக் கழிச்சு உட்டரோணுமுங்க. நடுறப்ப நுனி காயாம சாணி அப்போணுமுங்க"ன்னு எங்க ஊட்டுக்காரரே பாடம் நடத்தினாரு. அத்தனையும் நான் சொன்னது! சொல்லிட்டு, ஒரு கொம்பை வெட்டி, மண்ணுக்குள்ள போற அடிப்பக்கத்துல சாணியை அப்பி நீட்டினாரு.

"ஏனுங்க, கொம்பு தலைகீழா முளைக்குமுங்களா?"ன்னேன்.

அக்கா சிரிச்சுட்டாங்க. "அம்மிணி, நீயே வந்து நட்டுக் குடு"ன்னாங்க.

நுனிக்கு அப்பறதுக்குச் சாணியை அள்ளிக்கிட்டு நான் முன்னால நடந்தேன். கொம்பைத் தூக்கிட்டு அவரு பின்னால வந்தாரு.