சாட்சியில் சொல்லாத பெயர்

அக்கா,

இன்று கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்குப் போகும் பஸ்ஸில், ரப்பர் பால்வெட்டு முடித்த ஒரு பெண் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் ஒட்டுப்பால் வாடை. என் மகள் எஸ்தர் சட்டென்று குனிந்து அவள் தோளை முகர்ந்தாள். அந்தப் பெண் பதறி விலகினாள். பதினான்கு வயதுப் பிள்ளை இப்படிச் செய்தால் யார்தான் பதற மாட்டார்கள்? "மன்னிச்சிக்கங்க, எங்களுக்கு வேண்டிய ஒருத்தங்க மேல இதே வாடைதான் அடிக்கும்" என்றேன்.

எஸ்தருக்கு ஆறு வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது நான் பைபிளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த நீங்கள்தான் பிள்ளையைத் தூக்கினீர்கள்.

பஸ் சத்தம் கேட்டாலே அவள் ரோட்டில் விழுந்து புரள்வாள். கிளினிக்குக்கு ஒவ்வொரு தடவையும் த்ரீவீலர் பிடிக்க எனக்கு வக்கில்லை. நீங்கள் ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு இறங்கியதும் பால்வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவளை பஸ் நிற்கும் சந்திக்குக் கூட்டிப் போவீர்கள். முதல் மாதம் பஸ்ஸைப் பார்க்க மட்டும். அப்புறம் தொட. "மல்லி, பொட்டக் இன்ன" என்று கண்டக்டர் பையனிடம் 'கொஞ்சம் இரு தம்பி' எனச் சிங்களத்தில் கெஞ்சி, பஸ்ஸை நிறுத்தி வைப்பீர்கள். ஒருநாள் உங்கள் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். மறுநாளும் துணியைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். நாலாம் மாதம் ஏறிவிட்டாள்.

அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். "மூணு நாள் உபவாசம் இருந்தேன். கர்த்தர் எம்புள்ளைய பஸ்ஸுல ஏத்துனாரு." அல்லேலூயா என்று கைதட்டினார்கள். பிள்ளை கத்தினால் ஆராதனை கெடுமென்று நீங்கள் அவளை வைத்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள், நெற்றியில் திருநீறோடு. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது.

"நல்லாத்தான் சொன்ன புள்ள. பாவம், ஒங்க சாமிக்குக் கை ரொம்ப வலிச்சிருக்கும்" என்று சிரித்தீர்கள்.

"மைக்கப் புடிச்சதும் பதட்டத்துல ஒங்களச் சொல்ல மறந்துட்டேன்க்கா."

"அட போ புள்ள, பேர் வாங்கவா போனேன்?"

போன மாசியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது பாருங்கள், வெட்கக்கேடு! மறுபடி சாட்சிக்கு எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாஸ்டர் மைக்கை வாங்கி, "அந்த அம்மாவ அனுப்புனதும் ஆண்டவர்தானே" என்றார். எல்லோரும் ஆமென் போட்டார்கள். "இருக்கலாம் பாஸ்டர். ஆனா தெனம் போனது அவங்க" என்றேன். யாரும் கைதட்டவில்லை.

ஆண்டவரிடம் தினமும் பேசுகிறேன் அக்கா. அவர் மன்னித்தும் இருப்பார். உங்களிடம்தான் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. அன்று நான் மறக்கவில்லை. உங்கள் பெயர் வாய் வரை வந்தது. முன்வரிசையைப் பார்த்தேன். திருநீறு பூசுகிறவள் பெயரை இங்கே சொன்னால் என் விசுவாசத்தைக் குறைவாக நினைப்பார்களே என்று பயந்தேன். தெரிந்தேதான் விழுங்கினேன்.